எழுதியவர் அதே ஊரில்தான் இருந்தார்

ஸ்காட்லாந்தில் குடும்ப வரலாறு தேடுபவர்கள் முதலில் புரட்டுவது தேவாலயப் பதிவேட்டையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஓர் இரவில் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதே அந்தக் கணக்கு. ராஸ்பெர்ரி பழுப்பதோ ஜூலையில். பெர்த்ஷயரின் ப்ளேர்கௌரி என்ற சிற்றூரில் கூடாரம் போட்டுத் தங்கி, இடுப்பில் சிறு வாளியைக் கட்டிக்கொண்டு, எடைக்குக் கூலி வாங்கிப் பழம் பறித்த பெண்கள் அவ்வூர்க் கணக்கில் வராமல் போக அந்தச் சில மாத இடைவெளியே போதும். யாரும் திட்டமிட்டு ஒதுக்க வேண்டியதில்லை.

அவர்கள் இருப்பது ஒரு பாட்டில். 'டிராவலர்' எனப்படும் அலைகுடிச் சமூகத்தைச் சேர்ந்த பெல் ஸ்டூவர்ட், 1906இல் டே ஆற்றங்கரைக் கூடாரமொன்றில் பிறந்தவர். பழம் பறிக்க எங்கெங்கிருந்தோ வந்து குவியும் கூட்டத்தைப் பற்றி அவர் கட்டிய 'த பெர்ரிஃபீல்ட்ஸ் ஓ ப்ளேர்' வாய்வழியாகவே பரவியது. பாட்டு போன இடமெல்லாம் அவர் பெயர் போகவில்லை. 1950களில் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்காகப் பாட்டு சேகரித்த ஹாமிஷ் ஹெண்டர்சன், அதை எழுதியவரைத் தேடும்படி ப்ளேர்கௌரிக்காரரான மாரிஸ் ஃப்ளெமிங்கிடம் சொன்னார். பெல் அதே ஊரில்தான் இருந்தார். இதைக் 'கண்டுபிடிப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் செரிக்கவில்லை. அவர் எங்கே தொலைந்துபோயிருந்தார்?

இந்தக் குடும்பத்தைப் பற்றி இரண்டு புத்தகங்கள் உண்டு. 1986இல் இவான் மக்கோலும் பெகி சீகரும் தொகுத்த 'டில் டூம்ஸ்டே இன் தி ஆஃப்டர்நூன்' பாட்டும் கதையும் விடுகதையும் சேர்த்த பெரிய தொகுப்பு. அக்கறையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் நூலாசிரியர்கள் அவர்கள் இருவர். ஸ்டூவர்ட் குடும்பம் அங்கே தகவலாளி. இருபது ஆண்டு கழித்து, 2006இல், அந்தத் தகவலாளிகளில் ஒருவரான மகள் ஷீலா ஸ்டூவர்ட் அம்மாவின் வாழ்க்கையைத் தானே எழுதினார்: 'குவீன் அமாங் த ஹெதர்'. குடும்ப வரலாற்றை எழுதும் உரிமை கைமாறிய இடம் இது.

தலைப்பிலுள்ள 'அரசி' எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அது பெல் பாடிய ஒரு பாட்டின் பெயர் என்பது தெரியும். என்றாலும் மகுடம் சூட்டியதும் வாளியும் எடைத்தராசும் பின்னுக்குப் போய்விடுகின்றன. 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், அலைகுடிப் பிள்ளைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை 200 முறை பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்றது. குளிர்காலம் முழுக்கப் பள்ளியருகே முடங்கிக் கிடந்துவிட்டு வேனிலில் சாலைக்குத் திரும்பியவர்களுக்குப் பழத்தோட்டம் என்பது கூலி மட்டுமில்லை, சிதறிய உறவுகள் ஒன்றுகூடும் இடமும்கூட. அந்தப் பாட்டில் ஒரு துள்ளல் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதை வறுமையின் புலம்பலாக மட்டும் வாசிப்பவர்கள் பெல்லுக்கு நியாயம் செய்வதில்லை.

ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்புப் படிவத்தில் இச்சமூகத்துக்குத் தனிக் கட்டம் வந்தது 2011இல்தான். பெல் 1997இலேயே இறந்துவிட்டார். இரண்டு நூல்களும் கையில் கிடைக்கும் மாணவிகள் மகளுடையதை முதலில் படியுங்கள். தொகுப்பை அதன் பிறகு திறந்தால், ஒவ்வொரு பாட்டும் யார் வீட்டுச் சொத்து என்று தெரிந்தே வாசிப்பீர்கள்.