நல்லெண்ணம் மட்டும் போதுமா?

1968 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோவில் தொண்டாற்ற வந்த அமெரிக்க மாணவர்களிடம் அருள்தந்தை இவான் இல்லிச் ஆற்றிய உரை கசப்பான மருந்து. ஏழையின் மொழி அறியாதவருக்கு அவன் மறுப்பும் விளங்காது. முகத்துக்கு நேரே மறுக்கக்கூடிய உங்கள் நாட்டு ஏழைகளிடம் செல்லுங்கள் என்பது அதன் சாரம். இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு செல்ல விழையும் இளையோர் இதைப் படித்தல் நன்று.

ஆயினும் அவர் வாதம் நம் மண்ணில் தடுக்குகிறது. ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் செங்கற்சூளைகளுக்கு வருவோரின் பிள்ளைகள் நம் நாட்டவரே. அவர்களுக்குத் தமிழே அந்நிய மொழி. அவர்களது மறுப்பும் நமக்கு விளங்காது.

எனவே உரையோடு இல்லிச்சின் பணியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குவெர்னவாக்கா நகரில் அவர் நடத்திய நிலையம் மறைப்பணியாளருக்கு இஸ்பானிய மொழியைக் கற்பித்தது. நம் வீரமாமுனிவரும் தமிழுக்கு மாணவரான பின்னரே தேம்பாவணியின் ஆசிரியரானார்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பாருங்கள். துணையாள் தன் பக்கத்துக் கரையின் நாடாவை வீசும்வரை நெசவாளர் காத்திருக்கிறார். இல்லையேல் கரை சேராது. கற்பித்தலும் அத்தகையதே. அப்பிள்ளைகளிடம் பத்து ஒடியாச் சொற்களையேனும் முதலில் கற்போம். மனுவுருவான வாக்கானவரும் நாசரேத்தில் ஒரு தாயிடமன்றோ பேசக் கற்றார்!