இறகு, பந்து, ஃபார்வர்டு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே, ஒருநாள் ஒரு காணொளியைப் போட்டேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நாசாவுக்கு ஒரு வெற்றிட அறை இருக்கிறது; 30 மீட்டர் அகலம், 37 மீட்டர் உயரம். பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் வழங்கிய பிபிசி தொடர் ஒன்றுக்காக, அங்கே ஒரு பௌலிங் பந்தையும் சில இறகுகளையும் மேலிருந்து விழவிட்டார்கள். தொடர் 2014இல் வெளியானது. அறையில் காற்று இருந்தபோது பந்து தொப்பென்று விழுந்தது, இறகுகள் ஆடி அசைந்து வந்தன. காற்றை உறிஞ்சி எடுத்தபின் இரண்டும் ஜோடியாக இறங்கின. குழுவில் பதினான்கு கட்டைவிரல்கள், நான்கு கும்பிடுகள், ஓர் ‘அருமை மாமா’. கேள்வி ஒன்றுகூட இல்லை.

கட்டைவிரல் காட்டியவர்களில் என் அக்கா பேரனும் உண்டு. அந்த வாரம் வீட்டுக்கு வந்தவனிடம், “காத்தே இல்லாத ரூம்ல இரும்புக் குண்டையும் ரப்பர் பந்தையும் போட்டா எதுடா முதல்ல விழும்?” என்றேன். “குண்டுதான் தாத்தா, வெயிட்டு இருக்குல்ல.” அந்தக் காணொளியைப் பார்த்தாயா என்றால், பார்த்தானாம். “அது இறகுல்ல தாத்தா!”

அவனைக் குறை சொல்ல முடியாது. வெரிடாசியம் என்ற யூடியூப் சேனலை 2011இல் தொடங்கிய டெரெக் முல்லர், அதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வே, படம் பார்த்தும் தவறான நம்பிக்கை மாறாததைப் பற்றியதுதான். மேலே எறிந்த பந்தின்மீது என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்பதைத் தெளிவாக விளக்கும் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார். கையை விட்டபின், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் கை கொடுத்த விசை பந்தோடு மேலே போவதாகப் பெரும்பாலோர் நம்புகிறோம். மாணவர்கள் படம் எளிமையாக, தெளிவாக இருந்ததென்று பாராட்டினார்கள். தேர்விலோ, பார்க்கும் முன் 26க்குச் சராசரியாக 6.0 எடுத்தவர்கள் பார்த்தபின் 6.3 எடுத்தார்கள். தவறான நம்பிக்கையை ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லவைத்து, பிறகு அதோடு மல்லுக்கட்டும் இன்னொரு படத்தைப் பார்த்தவர்கள் ‘குழப்பமாக இருந்தது’ என்றார்கள். அவர்களுடைய மதிப்பெண் ஏறக்குறைய இரட்டிப்பானது.

நாம் பகிர்வது எப்போதும் முதல் வகைப் படத்தைத்தான். குழப்பிய ஒன்றை யார் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள்? ‘புரிந்துவிட்டது’ என்ற சுகம் வந்த கணத்தில்தான் விரல் ஃபார்வர்டு பொத்தானுக்குப் போகிறது. ஆர்வத்தைத் தூண்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஆர்வம் தீர்ந்துபோன இடத்தைத்தான் பரிமாறிக்கொள்கிறோம்.

இதற்காகக் காணொளிகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த ஊர்ப் பள்ளியிலும் 37 மீட்டர் வெற்றிட அறை கட்ட முடியாது. 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் கீழே போட்டதை நேரில் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. கண்ணுக்குத் தப்பும் வேகத்தை நிறுத்திக் காட்டவும் கேமராவால்தான் முடியும். கரும்பலகை இந்த இடத்தில் தோற்றுத்தான் ஆகவேண்டும். (ஹைட்ரஜன் பெராக்சைடில் சோப்பையும் ஒரு வினையூக்கியையும் கலந்து நுரை பொங்கவைக்கும் வகையறாவை நான் இதில் சேர்க்கவில்லை. அது வாணவேடிக்கை. பார்க்கலாம், தப்பில்லை.)

முல்லரே ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். 2021 நவம்பரில் ஒரு மின்சுற்றைக் கற்பனை செய்யச் சொன்னார். பேட்டரிக்கும் பல்புக்கும் இடைவெளி ஒரு மீட்டர். ஆனால் இணைக்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் 3 லட்சம் கிலோமீட்டர், நிலாவுக்குக் கிட்டத்தட்ட பாதி தூரம் போய்த் திரும்புபவை. சுவிட்சைப் போட்டால் பல்பு எப்போது எரியும்? ஒளி ஒரு மீட்டரைக் கடக்கும் நேரத்தில், அதாவது சுமார் 3.3 நானோ நொடியில் என்றார். ஆற்றல் கம்பிக்குள் ஓடுவதில்லை, சுற்றியுள்ள புலத்தின் வழியே போகிறது என்பது வாதம். பொறியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் வருவது சிறு மின்னோட்டம்தான், பல்பு முழுதாக எரிய வெகுநேரம் ஆகும் என்று பதில் படங்கள் வந்தன. ஆல்ஃபாபீனிக்ஸ் என்ற சேனல்காரர் சுமார் ஒரு கிலோமீட்டர் கம்பியை விரித்து அளந்தே பார்த்தார். அடுத்த ஆண்டு முல்லரும் சோதனை செய்து, விட்ட இடத்தை விளக்கி இரண்டாவது படம் போட்டார். என் கணக்கில் அந்தக் குறையுள்ள முதல் படம்தான் அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. பார்த்தவர்களைக் கம்பி வாங்கக் கடைக்கு அனுப்பியதே!

ஆனால் முதல் படம் போன குழுக்களுக்கெல்லாம் இரண்டாவது போகவில்லை. திருத்தத்துக்குக் கால் இல்லை. ஜெர்மனியின் குர்ட்ஸ்கெசாக்ட் சேனல், தன் பழைய படங்கள் இரண்டு தரக்குறைவானவை என்று 2019இல் தானே சொல்லி நீக்கியது. யூடியூபில் நீக்கலாம், சித்தப்பாவின் போனில் இறங்கிய பிரதியை யார் நீக்குவது?

அதே போனில்தான், பூமி சூரியனைவிட்டு விலகுவதால் ஆகஸ்ட் வரை குளிரும், காய்ச்சல் வரும் என்ற புரளியும் ஜூலை பிறந்தால் வந்து நிற்கிறது. மிகத் தொலைவில் 15.21 கோடி கிலோமீட்டர், மிக அருகில் 14.71 கோடி, வித்தியாசம் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். வட இந்தியா புழுங்கிக்கொண்டிருக்கும் மாதம் அது. அதற்கும் பதினான்கு கட்டைவிரல்கள்தான். ‘எப்படித் தெரியும்?’ என்று இறகைப் பார்த்துக் கேட்காத குழு, குளிரைப் பார்த்து மட்டும் ஏன் கேட்கப்போகிறது?

பேரனுக்கு அடுத்து நான் காட்டியது அரவிந்த் குப்தாவின் படம். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கிளம்பியவர். ஒரு பேட்டரி, இரண்டு சேஃப்டி பின், ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக்கம்பியில் சுற்றிய சுருள்: மோட்டார் தயார். படம் சின்னது, விளக்கம் குறைவு. சுருளின் முனைகளில் எனாமலை முழுதாகச் சுரண்டாமல் ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும் என்பது அதில் ஒரு கணம் வந்து போகும்.

இவன் இரண்டையும் முழுதாகச் சுரண்டிவிட்டான். சுருள் துடித்தது, இங்குமங்கும் ஆடியது, சுற்றவில்லை. பாதிச் சுற்றில் மின்சாரம் நின்றால்தான், எதிர்ப்பக்கம் இழுபடாமல் வேகத்திலேயே மீதியைச் சுற்றும் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. போனை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஓட்டினான், இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி.