கட்சிச் சார்பும் வெகுஜன இயக்கமும்: ‘பஞ்சமர்’ நாவலை முன்வைத்துச் சில கருத்துக்கள்

கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972 இல் வெளிவந்தது. அது கலையன்று, பிரசாரமே என்ற குற்றச்சாட்டும் அன்றிலிருந்து அதனைத் தொடர்ந்து வருகின்றது. கட்சி சார்ந்தவன் எழுதினால் கலை கெடும் என்பது இக்குற்றச்சாட்டின் சாரம். அரசியற் களத்திலே இதற்கு ஓர் இணை வாதமுண்டு. மக்கள் இயக்கத்திலே கட்சி புகுந்தால் சனநாயகம் கெடும் என்பது அது. 2022 இல் காலிமுகத்திடலிலே திரண்டோருட் பலர், நாடாளுமன்றத்தின் 225 பேரும் வேண்டாம் என முழங்கிக் கட்சிக் கொடிகளை விலக்கி வைத்தனர். அவர்களது சினத்திற்கு நியாயமுண்டு. ஆயினும், கட்சியற்ற இயக்கமே தூய இயக்கம் என்ற முடிபு நமது சொந்த வரலாற்றின் முன் நிற்கமாட்டாது.

கோயிலிலோ தேநீர்க்கடையிலோ சாதியின் பெயரால் ஒருவரை விலக்குதல் குற்றம் எனச் சட்டம் வந்தது 1957 இல். அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துக் கிராமக் கடைகளிலே தாழ்த்தப்பட்டோருக்குத் தேநீர் போத்தலிலேயே கிடைத்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. மூக்குப்பேணி வேறொருவர் கையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், பொலிசாரின் தாக்குதலையும் மீறி யாழ்ப்பாணம் முற்றவெளியை அடைந்தது. அதனை ஒழுங்குசெய்தது என். சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி. மறு ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி எனத் தேநீர்க்கடைப் பிரவேசங்கள் தொடர்ந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் கதவு தட்டப்பட்டது. அவ்வாசலிலே எதிரணிக்குத் தலைமை தாங்கி நின்ற சி. சுந்தரலிங்கம் முன்னாட் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். கல்வி பரவினாற் சாதி தானே கரைந்துவிடும் என நம்புவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. இவ்வியக்கத்தை வழிநடத்திய கட்சி நாடாளுமன்றப் பாதையை நிராகரித்த கட்சியாகும். ஆனால் அது நடைமுறையிற் சாதித்தது நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை ஊருக்குள் உயிர்பெறச் செய்தமையே. வாக்கு வேட்டையிலே முன்னின்ற தமிழ்க் கட்சிகளோ உயர்சாதி வாக்குக்கு அஞ்சி ஒதுங்கின, அல்லது மழுப்பின. ‘நடுநிலை’ என்பது அன்றைய யாழ்ப்பாணத்திலே வாசற்கதவு பூட்டியே இருக்கட்டும் என்பதன் மறுபெயராக இருந்தது. பக்கஞ்சாரும் துணிவு ஒரு கட்சிக்கு இருந்தமையாலேயே கதவு திறந்தது.

டானியல் அவ்வியக்கத்தின் முன்னணி ஊழியர். ‘பஞ்சமர்’ நாவலிலே தனி நாயகன் மேலோங்குவதில்லை. ஒரு சமூகமே நாயகத் தன்மை பெறுகின்றது. உளவியல் நுட்பம் குறைவு என்போர் கூற்றிலே உண்மையுண்டு. உயர்சாதி மாந்தர் பலர் வகைமாதிரிகளாகவே நின்றுவிடுகின்றனர். ஆனால் அடங்கி நடந்த மக்கள் கூடிப் பேசி, அஞ்சி, பின்னர் துணிந்து ஒரு முடிவுக்கு வரும் படிமுறையை அந்நாவல் காட்டுமளவிற்கு ஈழத்து நாவல் வேறெதுவும் காட்டவில்லை எனலாம். கட்சிச் சார்பு ஆசிரியனுக்கு அளித்தது சுலோகத்தை மட்டுமன்று. வெளியிலிருந்து நோக்குவோனுக்கு எட்டாத அக்கூட்டங்களுள் ஓர் இருக்கையையும் அளித்தது.

இயக்கம் நிலைக்காமைக்கும் கட்சியே காரணமாயிற்று என்பதனை மறைத்தல் நேர்மையாகாது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியை அடுத்துச் சண்முகதாசன் தடுத்து வைக்கப்பட்டார். தொடர்ந்து கட்சி பிளவுண்டது. தனக்கென வேறு கால்கள் இல்லாத இயக்கமும் உடன் தளர்ந்தது. இன ஒடுக்குமுறை கூர்மையடைந்த எழுபதுகளிலே, அதனை வர்க்கப் போராட்டத்தின் பின்னிணைப்பாகவே கட்சி கருதியமையால், அதே கிராமங்களின் இளைஞர் வேறு திசை நோக்கினர். கட்சிக்குக் கட்டளையிடும் உரிமை இயக்கத்துக்கு இருந்ததா என்ற வினாவை ‘பஞ்சமர்’ எழுப்பவில்லை. அதன் மெய்யான குறை, நமது நோக்கில், இதுவே, பிரசாரம் அன்று.

இவ்வினா பழங்கதையன்று. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடைபெறும்வரை, வத்தளையில் வடிகாலும் குப்பையும் பற்றி முறையிடத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. இங்கும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் அறிந்த கட்சி, பெரும்பாலும் தேர்தற் காலத்தில் திறந்து மறுமாதம் மூடப்படும் அலுவலகமே. 2024 நவம்பரில் 159 ஆசனங்களைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றையும் வென்றது. ஊர்தோறும் கிளைகளைக் கட்டியெழுப்பி வளர்ந்த கட்சி அது. ஆட்சியில் அமர்ந்த கட்சியின் ஊர்க்கிளை தன் கட்சி அமைச்சரையே ஊரார் முன் நிறுத்திக் கணக்குக் கேட்குமா, அன்றி அமைச்சரின் கூட்டத்துக்குக் கதிரை அடுக்குமா என்பதே இன்று கவனித்தற்குரியது.