கட்டற்ற தன்வழிக் கற்றல் தளம்: தமிழ்ச் சூழலில் ஒரு மதிப்பீடு

தன்வழிக் கற்றல் என்பது எதைக் கற்பது, எந்த வரிசையில் கற்பது, எங்கே நிறுத்துவது என்பவற்றைக் கற்பவரே முடிவு செய்துகொள்ளும் முறை. இதற்கு உதவும் இணையத் தளம் இலவசமாகவும் திறந்த மூலமாகவும் இருக்க வேண்டும் என்பதில் தமிழ்க் கணிமை ஆர்வலர்களுக்குள் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. ஆனால் அத்தகைய தளத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிரல்மொழி எது, தரவுத்தளம் எது, வழங்கிக்கு யார் பணம் கட்டுவது என்பதோடு நின்றுவிடுகிறது. மென்பொருளோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைவசம் இருக்கிறது. கற்பவர் கைவைத்துத் திருத்தக்கூடிய தமிழ்ப் பாடங்கள்தாம் குறைவு.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய மூடில் 2002இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்தது. அவர் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்து, சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். கற்பவர்கள் கூடிப் பேசி அறிவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையில் எழுந்த அந்த மென்பொருள், கல்லூரிகளில் பெரும்பாலும் ஒப்படைப்புகளைப் போடும் பெட்டியாகவே பயன்படுகிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ் தளத்தின் நிரல் 2013இல் திறந்துவிடப்பட்டது. 2021இல் அந்தத் தளம் டூ-யூ என்னும் தனியார் நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்குக் கைமாறியது. நிரல் மட்டும் பொதுவில் நின்றது. திறந்த நிரல் நல்ல காப்பு என்பதற்கு இது சான்று. அது காப்பாற்றுவது நிரலைத்தான், அதில் ஏற்றிய பாடங்களை அல்ல என்பதற்கும் இதுவே சான்று.

எல்லையோர ஊரிலிருந்து பார்த்தால்

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டி அமைந்த கடலோர ஊர். தெற்கே சிறிது தூரம் நடந்தால் முத்தியால்பேட்டை. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. கோட்டக்குப்பத்து அரசுப் பள்ளி மாணவருக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நெடுங்காலம் அதையே பின்பற்றிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. ஒரே கடைத்தெருவில் புழங்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இன்று இரண்டு வகைப் புத்தகங்கள்.

இந்த ஊரில் வைத்துத் தீக்‌ஷா தளத்தைப் பார்ப்பது பயனுள்ளது. நடுவண் அரசு 2017இல் தொடங்கிய இத்தளம் சன்பேர்ட் என்னும் திறந்த மூல மென்பொருளின்மேல் இயங்குகிறது. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் அச்சிட்ட கியூஆர் குறியீடுகள் இத்தளத்துப் பாடங்களுக்கே இட்டுச் சென்றன. செயலியைத் திறந்ததும் அது கேட்பது மூன்று: எந்த வாரியம், எந்தப் பயிற்றுமொழி, எந்த வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் விகிதம் புரியாமல் திணறும் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது ஏழாம் வகுப்புப் பின்னமாக இருக்கலாம். தேர்வை மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் தன் குறை ஏழாம் வகுப்பில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? ‘எனக்குப் பின்னம் தெரியாது’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய அங்கே வாசல் இல்லை. இது வகுப்பறையை அப்படியே திரைக்கு மாற்றிய ஏற்பாடு. அதைத் தன்வழிக் கற்றல் என்று அழைப்பது பொருந்தாது.

இன்னொரு குறை கடுமையானது. தீக்‌ஷா செயலியால் குழந்தைகளின் இருப்பிடத் தகவலைச் சேகரிக்க முடியும் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022இல் சுட்டிக்காட்டியது. 2023 ஜனவரியில், பாதுகாப்பின்றி விடப்பட்ட அத்தளத்தின் மேகச் சேமிப்பகம் ஒன்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களின் விவரங்களும் வெளியே தெரிந்தபடி கிடந்ததை வயர்டு இதழ் வெளியிட்டது. நிரல் திறந்திருந்தது; கூடவே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் திறந்து கிடந்தது. பெயர் கேட்காமலே பாடம் காட்டக்கூடிய ஒரு தளம் எதற்குப் பெயரைச் சேமிக்க வேண்டும் என்பது புதிதாகத் தளம் கட்டுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்போக்கன் டுடோரியல்: நெருங்கி வந்த முயற்சி

இந்தியாவில் தன்வழிக் கற்றலை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்ட திட்டங்களில் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் முதன்மையானது. வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் வழிகாட்டலில், நடுவண் அரசின் நிதியுதவியோடு வளர்ந்தது. லிப்ரே ஆஃபிஸ், லினக்ஸ், பைதான் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான காணொலிகளாகக் கற்பிக்கிறது. திரையின் ஒரு பாதியில் காணொலி ஓட, மறு பாதியில் கற்பவர் அதையே செய்து பார்க்க வேண்டும். பல இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டுள்ளது, தமிழும் உண்டு. பாடங்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் இருப்பதால் யாரும் எடுத்துப் பகிரலாம், மாற்றியும் அமைக்கலாம்.

இத்திட்டத்தின் சிறந்த வழக்கம் வெளியே அதிகம் பேசப்படாதது. காணொலியைப் பதிவு செய்யும் முன், அதன் எழுத்து வடிவத்தை அந்த மென்பொருளை அறியாத ஒரு புதியவரிடம் கொடுத்து, அவரால் பின்பற்ற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அவர் தடுமாறினால் பாடத்தைத் திருத்துகிறார்கள். பாடநூல் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

குறைகளும் உண்டு. பாடத்தின் மூல எழுத்து ஆங்கிலத்தில் தோன்றுகிறது. தமிழ் அதன்மேல் ஏறும் குரலாக மட்டுமே வருகிறது. காதில் தமிழ், கண்ணில் ஆங்கிலப் பட்டியல்கள். எடுத்துக்காட்டுகள் எல்லா மொழிக்கும் ஒன்றே. அதைவிடப் பெரிய சிக்கல், காணொலி என்னும் வடிவம். மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினால் பத்து நிமிடப் பாடத்தை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். திருத்த உரிமம் அனுமதி தந்தாலும், கோட்டக்குப்பத்தில் கைப்பேசியை வைத்திருக்கும் மாணவியால் அதைத் திருத்த முடியாது. கல்லூரிகள் வழியாகப் பரவியபோது தேர்வும் சான்றிதழும் முன்னுக்கு வந்துவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் எழுத்து வெல்கிறது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழைச் சுற்றி, ‘எளிய தமிழில்’ என்ற தலைப்பு வரிசையில் கணினி நூல்கள் வந்தன. து. நித்யா எழுதிய மைஎஸ்கியூஎல் நூல் அவற்றில் ஒன்று. தமிழிலேயே சிந்தித்து எழுதிய பாடங்கள் என்பதால் இவற்றில் மொழிபெயர்ப்பின் இறுக்கம் இல்லை. பகிரவும் திருத்தவும் உரிமம் உண்டு. ஒரு வரி பழசானால் ஒரு வரியை மாற்றினால் போதும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இரண்டு தலைமுறை வாசகர்களைப் பழக்கியிருப்பதும் இதைத்தான். நூலால் முடியாதது ஒன்றே: வாசகர் போட்ட கணக்கோ கட்டளையோ சரியா என்று சொல்வது. புதிய தளம் ஒன்றுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். திருத்தத்தக்க எழுத்துப் பாடம், அதன் நடுவே உடனுக்குடன் விடை சொல்லும் பயிற்சி, தவறு வந்தால் அதற்குத் தமிழில் காரணம்.

ஆளில்லாத தளம்

கோட்டக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டரில், புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையம் ‘சுதந்திர முன்னேற்றம்’ என்ற பெயரில் மாணவர் விருப்பப்படி கற்கும் முறையைப் பல பத்தாண்டுகளாக நடத்துகிறது. பட்டம் கிடையாது. ஆனால் மாணவர் எண்ணிக்கைக்கு ஒப்ப அங்கே ஆசிரியர்கள் மிக அதிகம். தானாகக் கற்பவருக்கு அருகே ஒருவர் வேண்டும் என்பதை அந்த மையம் செயலில் ஒப்புக்கொள்கிறது. இணையத் தளங்கள் பெரும்பாலும் இதை மறைக்கின்றன. பாதியில் விட்டுப் போனவரின் சோம்பலாக அதைக் கணக்கெழுதிவிடுகின்றன.

விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவை கிராமப்புற மாணவர்களுக்கு நேரில் பயிற்சி தருகின்றன. அங்கே கேட்கப்படும் கேள்விகள் பேச்சோடு கரைந்துவிடுகின்றன. அவற்றைக் குறித்து வைத்து, அடுத்த வாரமே பாடத்தில் ஒரு பத்தியாகச் சேர்க்க இடம் தரும் தளம் இன்னும் தமிழில் இல்லை. அதற்குப் பெரிய வழங்கி தேவையில்லை. கோலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள் இணைய இணைப்பு இல்லாமலே ஒரு சிறு கணினியிலிருந்து அறை முழுவதற்கும் பாடம் கொடுக்கும். ஊர் நூலகத்து மேசை ஒன்று போதும். தேசிய அளவுக்கென்று பல சேவையகங்களில் பரப்பிக் கட்டிய சன்பேர்டை அந்த மேசையில் நிறுவ முடியாது. முதலில் அங்கே வைக்க வேண்டியது பின்னம் பற்றிய ஒரே ஒரு பாடம். அது சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர், பின்னம் தெரியாத ஒரு பிள்ளை.