மிச்சமும் சண்டையும்

1976 பிப்ரவரியில் லிபியாவின் திரிபோலியில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பெரிய அளவில் கூடிப் பேசினார்கள். வத்திக்கான் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கர்தினால் பின்யெதோலி. கடைசியில் 24 அம்சங்களோடு ஒரு கூட்டறிக்கை வந்தது. அதில் 20-ம் 21-ம் சியோனிசத்தையும் எருசலேமையும் பற்றியவை. அந்த இரண்டையும் ஏற்க முடியாது என்று வத்திக்கான் கைவிரித்துவிட்டது. விருந்து முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் மூண்ட சண்டை அது.

இதைப் பதிந்து வைக்க வேண்டியவருக்குத்தான் சங்கடம். இரண்டை விட்டுவிட்டு 22 அம்சங்களை மட்டும் வைத்தால் அது பொய். 24-ஐயும் வைத்துவிட்டு மறுப்பை விட்டாலும் பொய்தான்.

ரோமில் அரபு, இஸ்லாமியப் படிப்புகளுக்கென்று திருத்தந்தையின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து 1975 முதல் ‘இஸ்லாமோகிறிஸ்தியானா’ என்ற ஆண்டிதழ் ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு மொழிகளில் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளோடு, எங்கே கூடினார்கள், என்ன அறிக்கை விட்டார்கள் என்பதையும் அது சேர்த்து வைக்கிறது. இந்தப் பழக்கத்தின் அருமை உறவு முறிகிற காலத்தில்தான் தெரியும். 2006-ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்கில் திருத்தந்தை பெனடிக்ட் இஸ்லாமைத் தொட்டு ஆற்றிய உரை பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். 2011 ஜனவரியில் கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விபீடமான அல்-அஸ்ஹர் வத்திக்கானோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. 2016 மே மாதம் அதன் பேரிமாம் அஹ்மத் அல்-தய்யிப் ரோமுக்கே போய் திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தார். இப்படி அறுந்த நூலை மறுபடி முடியும்போது, முன்னே என்ன பேசினோம் என்று புரட்டிப் பார்க்க ஏடு இருந்தால் ‘அனா, ஆவன்னா’விலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் இப்படிச் சேர்கிற கூட்டறிக்கைகளை அடுக்கடுக்காகப் படித்தால் ஒரு கட்டத்தில் கண் சொருகுகிறது. அமைதி, நீதி, மனித மாண்பு என்று எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன. கூட்டறிக்கை என்பது யாருக்கும் உறுத்தாததாக எஞ்சிய மிச்சம். எந்தச் சொல்லுக்காக மல்லுக்கட்டினார்கள், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்பது அதில் ஏறாது. உரையாடல் நடந்ததே அந்த இடத்தில்தான் என்பேன்.

பேனா யார் கையில் என்பது இன்னும் பெரிய சிக்கல். 781-ஐ ஒட்டி பாக்தாதில் கலீஃபா அல்-மஹ்தியும் கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயுவும் இரண்டு நாள் வாதிட்டார்கள். இருட்டறையில் முத்து ஒன்று விழுகிறது, ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதை முத்தென்று பிடித்துக்கொள்கிறார்கள், விடிந்தால்தான் யாரிடம் இருக்கிறதென்று தெரியும் என்ற அழகான உவமை அதில் வருகிறது. நமக்குக் கிடைத்திருப்பது திமோத்தேயு சிரியாக் மொழியில் எழுதிய கடிதம். அதனால் கலீஃபா சுருக்கமாகக் கேட்கிறார், மறைத்தலைவர் விரிவாகப் பதில் சொல்கிறார்! கலீஃபாவின் எழுத்தர் யாராவது எழுதியிருந்தால் அளவு மாறியிருக்குமோ என்னவோ.

அந்த வகையில் 1854 ஏப்ரலில் ஆக்ராவில் நடந்தது நட்புப் பேச்சே இல்லை என்றாலும், பதிவு என்று பார்த்தால் அதுவே மேல். பாதிரியார் ஃபாண்டரும் மௌலவி ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் கிறிஸ்தவ வேதத்தில் திருத்தம் நடந்ததா என்று இரண்டு நாள் மோதினார்கள். பிறகு இரு தரப்பும் தனித்தனியே அச்சிட்டு, வென்றது தாங்கள்தான் என்றன. முரண்படும் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது கூட்டத்தின் சூடு இன்றும் கையில் படுகிறது.

காகிதத்தைக் காப்பாற்றுவதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். டொமினிக்கன் துறவி நஜீப் மிக்காயேல் 1990-லிருந்தே வட இராக்கின் சுவடிகளைப் படியெடுக்கத் தொடங்கியவர். 2014 ஆகஸ்டில் ஐஎஸ் படை நெருங்கியபோது கராகோஷிலிருந்து எர்பிலுக்குச் சுவடிப் பெட்டிகளோடு கிளம்பினார். அவருக்குத் துணைநின்ற மினசோட்டா பெனடிக்டின் மடத்து நூலகம் திம்புக்துவின் இஸ்லாமியச் சுவடிகளையும் படியெடுத்து வைத்திருக்கிறது. ஒரு தீயில் எல்லாம் போய்விடாது என்ற நிம்மதிக்கு இது போதும். ஆனால் பாதி மட்டும் எழுதப்பட்ட பேச்சை எத்தனை படி எடுத்தாலும் அது பாதிதான்.

1996 ஆகஸ்ட் 1 அன்று அல்ஜீரியாவின் ஓரான் நகரில் ஆயர் பியேர் கிளாவெரியைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். கூடவே இறந்தவர் 21 வயது ஓட்டுநர் முகமது பூஷிகி. ஆயரின் சொற்பொழிவுகள் நூல்களாக வந்துவிட்டன. முகமதும் ஒரு சின்ன நோட்டில் அரபியில் கொஞ்சம் எழுதி வைத்திருந்தார்: படிப்பவருக்கு நன்றி, யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னிப்பு. அவர் எந்த மாநாட்டுக்கும் பிரதிநிதி இல்லை. ஆயருக்கு வண்டி ஓட்டிய வழியெல்லாம் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு எந்த அலமாரியிலும் கோப்பு கிடையாது.