உறங்கச் செய்யும் நாவல்

பழம்பெரும் நாவல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டவாறே கண்ணயரும் வழக்கம் இன்று பலரிடம் உண்டு. 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் விலையின்றியே கிடைக்கின்றன. இஃது இலக்கியத்திற்கு இழுக்கு என்போர் மார்சல் புரூஸ்டைப் படித்திலர் போலும்.

இழந்த காலத்தைத் தேடிச் செல்லும் அவருடைய நெடுநாவலின் முதற்பாகம் 1913இல் வெளிவந்தது. அதில், உறக்கம் கொள்ளாத சிறுவனுக்கு அன்னை ஜார்ஜ் சாண்டின் நாவல் ஒன்றை இரவில் வாசித்துக் காட்டுகிறாள். காதற் பகுதிகளையெல்லாம் தாண்டிவிடுகிறாள். கதைமாந்தரின் மனமாற்றங்களுக்குக் காரணம் விளங்காமற் போகவே, அவை சிறுவனுக்கு ஆழ்ந்த மர்மமாகத் தோன்றுகின்றன. அவளுடைய குரலோ எளிய வாக்கியங்களுக்கும் உயிரூட்டுகிறது.

அரைத்தூக்கத்தில் கேட்போர்க்கும் நேர்வது இதுவே. கதைத்தொடர்பு கழன்றுபோகிறது, வாக்கியமும் குரலும் எஞ்சுகின்றன. ஆகவே முடிச்சு ஒன்றையே நம்பிய துப்பறியும் கதை இங்கே தோற்கும். மெல்வில்லின் ‘மோபி டிக்’ (1851) தோற்பதில்லை. திமிங்கில வகைகளை அடுக்கும் அதன் அத்தியாயம் பகலில் பொறுமையைச் சோதிக்கும். இரவிலோ அலைபோல் தாலாட்டும்.

ஆனால் ‘ஆயிரத்தோர் இரவுக’ளின் ஷஹரஸாத், கேட்பவனின் ஆவலைத் தூண்டியே உயிர் பிழைத்தவள். விடியலில் அறுத்து நிறுத்தும் அவளுடைய கதைகளைத் துயில்வதற்கென ஒலிக்கவிடுவது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.