எந்த வாசலால் அழைக்கிறார்கள்?

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் கொல்லப்பட்டபோது, பொலிசாரின் முதல் அறிக்கை அதனை உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம் போலவே சொன்னது. 17 வயது டார்னெல்லா பிரேசியர் கைத்தொலைபேசியில் பதிந்து பேஸ்புக்கில் வெளியிட்ட வீடியோதான் அந்தக் கதையை உடைத்தது.

2021இல் புலிட்சர் குழு அவரைக் கௌரவித்தது. நல்ல விடயம்தான். எப்படிக் கௌரவித்தது என்பதே எனது கேள்வி. அதே கொலை பற்றிய செய்திகளுக்காக அந்நகரின் ஸ்டார் ட்ரிபியூன் பத்திரிகைக்கு உடனடிச் செய்திக்கான பரிசு கிடைத்தது. பிரேசியருக்குக் கிடைத்ததோ இதழியல் பிரிவுகளுக்கு வெளியே ஒரு 'விசேட பாராட்டு'. அதன் வாசகம் உண்மைக்கான தேடலைப் பத்திரிகையாளருக்கு உரியதாக்கி, குடிமக்களுக்கு அதில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்குகிறது. தேடுவோர் அவர்கள்; இவர் வெறும் சாட்சி.

2009ஆம் ஆண்டுக்கான ஜோர்ஜ் போல்க் விருது வேறொரு வழியை முன்னரே காட்டியிருந்தது. தெஹ்ரான் தெருவில் நேடா ஆகா-சொல்தான் இறந்ததைப் படம்பிடித்த முகமறியாதோருக்கு, ஒளிப்பதிவுக்கான விருதே வழங்கப்பட்டது. பெயரோ நிறுவனமோ அல்ல, செய்த வேலையே அங்கு கணக்கிலெடுக்கப்பட்டது.

படம்பிடிப்பது மட்டும் இதழியலாகாது, சரிபார்த்தலும் வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சரிபார்ப்பதற்கு முதலில் ஏதேனும் இருக்கவேண்டுமே!

புனைபெயர்களுக்குள் ஒளிந்தே பல உண்மைகளை எழுதிவந்தவர்கள் நாம். எந்த வாசலால் அழைக்கிறார்கள் என்று பாராமல் கைதட்ட நம்மால் முடியுமா?